ஏழாம் கட்டிலில் ஊதா நிறம்

ஓஷ் நகரம், 1998 பிப்ரவரி. காலை ஏழரை.

தலைமை நர்ஸ் மஸ்தூரா கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். உள்ளே ஏழாம் கட்டில் பையனின் சிறுநீர். அதில் நாலு சொட்டு மஞ்சள் கரைசல் விட்டாள். குழாய் ஊதாவானது. சந்தேகத்துக்கு இடம் வைக்கிற மங்கல் ஊதா இல்லை, கத்தரிக்காய்த் தோல் ஊதா.

ஊதா வந்தால் உடம்புக்குள் ஆஸ்பிரின் இருக்கிறது என்று பொருள்.

குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கலாம். பக்கத்தில் ஈ, காக்காய் இல்லை. மஸ்தூரா அதைக் கையில் பிடித்தபடியே நடந்து போய் டாக்டர் அஸ்கரோவின் மேஜைமேல், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்பதுக்குள் சேதி பையனின் அப்பாவுக்குப் போனது. அப்பாவிடமிருந்து போலீசுக்குப் போக அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. பத்து மணிக்குக் கேப்டன் எசென்பெக் வந்து சேர்ந்தார்.

எசென்பெக்கின் அம்மா ஓஷ் பஜாரில் உலர்ந்த பாதாமி விற்றவள். பள்ளிக்கூடம் போகும் முன்பே அவர் ஒரு விஷயம் படித்திருந்தார்: விலை சொல்கிறவன் வாயைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். போலீஸ் பயிற்சியில் இதைவிட உருப்படியாக எதையும் சொல்லித் தரவில்லை என்பது அவர் எண்ணம்.

"பையன் பேரு தில்முரத். ஏழு வயசு" என்றார் அஸ்கரோவ். இரவெல்லாம் தூங்காத முகம். "இன்ஃப்ளூயன்ஸா வந்து போச்சு. சரியாயிட்டான்னு நினைச்ச நேரத்துல வாந்தி. நிக்காத வாந்தி. அப்புறம் பித்துப் பிடிச்ச மாதிரி கத்தல், அப்புறம் மயக்கம். ரே நோய். ஈரலும் கெடும், மூளையும் வீங்கும். அபூர்வம்தான். ஆனா வந்துட்டா விளையாட்டு இல்ல."

"ஆஸ்பிரினுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?"

"காய்ச்சல் குழந்தைங்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்தா இது வர்ற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. வந்த பிறகு கொடுத்தா எரியற வீட்டுல பெட்ரோல்."

"பையனை முதல்ல கொண்டு வந்தப்பவே ஊதாவா?"

"ஆமா. வீட்டுல கொடுத்தீங்களான்னு கேட்டேன். சத்தியமா இல்லைன்னாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு விட்டுட்டேன். இங்கே வந்தப்புறம் நிறம் மங்கி, போயே போச்சு. பையன் கண்ணைத் திறந்தான், அம்மாவைக் கேட்டான். நேத்து காலையிலகூட சுத்தம். இன்னிக்கு மறுபடி ஊதா, மறுபடி மயக்கம்."

"அப்போ கொடுத்தது ஆஸ்பத்திரிக்குள்ள வெச்சு."

"இங்கே ஆஸ்பிரின் இருக்கற அலமாரிக்கு ஒரே சாவி" என்றார் அஸ்கரோவ், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "அது மஸ்தூரா கழுத்துல தொங்குது."

மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. ஒரே வரி. கவனக் குறைவால் மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று. கீழே கையெழுத்துக்கு இடம்.

"இதுல கையெழுத்துப் போட்டா வேலையோட போயிடும். ஜெயில் வரைக்கும் போகாம அப்பன்கிட்ட நான் பேசிடுவேன். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன், போட மாட்டேங்கறா."

"என்ன சொல்றாங்க?"

"இதே வரியை எனக்காக நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டுக்கணுமாம்."

எசென்பெக்குக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றினார்.

வார்டு வாசலில் மஸ்தூரா வழி மறித்து நின்றாள். ஐம்பதைத் தாண்டிய உருவம், கோதுமை மூட்டைக்குக் கை கால் வைத்த மாதிரி.

"பூட்ஸைக் கழட்டுங்க."

"நான் விசாரணைக்கு வந்திருக்கேன்."

"பூட்ஸும் விசாரிக்கப் போகுதா? கழட்டுங்க தம்பி. உள்ளே ஒவ்வொரு சத்தமும் அவன் தலையில சுத்தியல்."

கழற்றினார். ஏழாம் கட்டில் திரைக்குப் பின்னால் அரையிருட்டில் இருந்தது. பையனின் தலைமாட்டை உயர்த்தி, கழுத்து ஒரு பக்கமும் சாயாதபடி இரண்டு புறமும் துணிச் சுருள் வைத்திருந்தாள். கையில் குளுக்கோஸ் இறங்கியது. ஊசியைப் பிய்க்காமல் இருக்க விரல்களுக்குப் பஞ்சுறை. மஸ்தூரா சின்ன விளக்கை அவன் கண்ணில் காட்டினாள். கண்மணி சுருங்கவில்லை. அவள் முகம் மாறவில்லை, ஆனால் விளக்கை அணைத்த கட்டைவிரல் ஒரு கணம் அங்கேயே அழுந்தி நின்றது. எசென்பெக் அந்தக் கையைப் பார்த்தார்.

கேள்வியும் பதிலும் கிசுகிசுப்பில் நடந்தன.

"ஆஸ்பிரின் கொடுத்தீங்களா?"

"இல்ல."

"சாவியை யாருக்காவது?"

"குளிக்கும்போதும் கழுத்துலதான்."

"கவனக் குறைவா..."

"அந்தச் சரக்கு என்கிட்ட இல்ல. வேற கடை பாருங்க."

"அக்கா, சாயங்காலம் உங்களைக் கூட்டிட்டு வரச்சொல்லி பிராசிக்யூட்டர் உத்தரவு. கையெழுத்துப் போட்டாச் சின்னதா முடியும்."

மஸ்தூரா பையனின் போர்வையைச் சரிசெய்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போங்க. பயமில்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. நான் உள்ளே போனதும் நீங்க வீட்டுக்குப் போய் பிலாவ் சாப்பிடுவீங்க. கொடுத்த கை இங்கேயே இருக்கும். இன்னொரு வாட்டி ஆஸ்பிரின் உள்ளே போச்சுன்னா இவன் முழிக்க மாட்டான். நான் கையெழுத்துப் போட்டா, தேடறதை நிறுத்திடுவீங்க. அதனாலதான் போட மாட்டேன்."

திரைக்கு அந்தப் பக்கம் முக்காலியில் பையனின் அத்தை ரொபியா உட்கார்ந்திருந்தாள். பையனின் அம்மாவுக்குப் பிரசவம் ஆகிப் பத்து நாள்தான், அதனால் துணைக்கு இவள். மடியில் துணி விரித்துச் சாப்பாடு: உடைத்த ரொட்டி, பக்கத்தில் மூன்று லிட்டர் ஜாடி நிறையத் தக்காளி.

"உக்காருங்க தம்பி. சாப்பிடாம பேசக் கூடாது" என்று ரொட்டியை நீட்டினாள். ஜாடிக்குள் கைவிட்டு ஒரு தக்காளியையும் எடுத்துக் கொடுத்தாள். எசென்பெக் கடித்தார். உப்பும் பூண்டும் சரியான பதம். ஜாடியில் தக்காளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, தோல் சுருங்கி, காய்ந்து உட்கார்ந்திருந்தன. நடுவே ஒரு தேக்கரண்டி செருகி நின்றது.

"அருமையா இருக்கு அக்கா."

"பிடிச்சிருக்கா? சாயங்காலம் இன்னொரு ஜாடி வருது. இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"நர்ஸ் மேல உங்களுக்குக் கோபம் ஏதாவது?"

"கோபமா! அது பொம்பளையா, கல்லா?" ரொபியாவின் கிசுகிசுப்பு உளி மாதிரி கீறியது. "முந்தாநாள் பையன் முழிச்சு, தண்ணி தண்ணின்னு கெஞ்சறான். ஸ்பூன்ல அளந்து ஊத்தறா. ஜாஸ்தி குடிச்சா மூளை வீங்குமாம். தண்ணி குடிச்சு மூளை வீங்கினா, மீனுக்கெல்லாம் தலை பூசணி மாதிரி இருக்கணும்! உதடு வெடிச்சுக் கிடந்தான் தம்பி, பார்க்க முடியல. வாசல்ல என் பையைக் கொட்டித் தேடறா. மாத்திரை இருக்கா, பொடி இருக்கா. பாவாடை ஓரத்தைக்கூடத் தடவிப் பார்த்தா."

"ஏதாவது கிடைச்சுதா?"

"இருந்தாத்தானே கிடைக்க!"

"பையனுக்கு நீங்க மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?"

ரொபியா ரொட்டித் துண்டை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "இந்த ரொட்டி மேல ஆணை. மருந்துன்னு ஒரு துளி நான் கொடுத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்."

ரொட்டியை நெற்றியில் வைத்துக்கொண்டு பொய் சொல்கிற பெண் ஓஷில் இன்னும் பிறக்கவில்லை. எசென்பெக்குக்கு அது தெரியும். அதுதான் சங்கடமாக இருந்தது.

நடைவழியில் அப்போது இடி விழுந்தது. பையனின் அப்பா காதிர்ஜான், கார் உதிரிபாகங்கள் விற்கிற பெரிய வியாபாரி, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய தொண்டை.

"எங்கே அந்தக் கொலைகாரி? இன்னும் ஏன் அவளை உள்ளே விட்டு வெச்சிருக்கீங்க? என் பிள்ளைக்கு விஷம் வெச்சவ!"

வார்டில் இருந்த தாய்மார் எல்லாரும் அவரவர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு மஸ்தூராவைப் பார்த்தார்கள். மஸ்தூரா நேரே அவனிடம் போனாள்.

"குரலை இறக்கு."

"உன்னைத் தெருவுல நிக்க வெப்பேன்!"

"வை. நிக்கறேன். இப்போ குரலை இறக்கு. இல்லேன்னா நீயே உன் பிள்ளையைக் கொன்னுடுவே."

அவன் வாயைத் திறந்தான். அவள் நகரவில்லை. வாய் மூடிக்கொண்டது.

பதினொன்றரைக்கு எசென்பெக் தெருவில் நடந்தார். வெளியே பனி சேறாகிக் கிடந்தது.

பேரத்தில் பொய் சொல்கிறவர்கள் கடைசியில் கொஞ்சம் இறங்கி வருவார்கள். 'ஒருவேளை மறந்திருப்பேன்', 'யாராவது எடுத்திருக்கலாம்' என்று பாதி விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். மஸ்தூரா இறங்கவில்லை. ரொபியாவும் இறங்கவில்லை. ஒரு கடைத்தெருவில் இரண்டு பேர் ஒரே விலையில் நிற்கிறார்கள், இரண்டு பேர் சரக்கும் அசல். ஆனால் பையனுக்குள் ஆஸ்பிரின் போயிருக்கிறது. அப்படியானால் கோளாறு தராசில். அதாவது கேள்வியில்.

காதிர்ஜான் குடும்பம் பஜாரில் மருந்து வாங்குவது ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில். கடைக்காரி நூரியா, தாத்தார்காரி. எசென்பெக்கை அரை டிராயர் போட்ட காலத்திலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"ரொபியா உங்ககிட்ட ஆஸ்பிரின் வாங்கினாங்களா அக்கா?"

"வாங்கினாளே. இருபது அட்டை."

எசென்பெக்கின் காது நிமிர்ந்தது. "எப்போ? இந்த வாரமா?"

"இந்த வாரமா! பிப்ரவரியில யாருடா ஆஸ்பிரின் வாங்கறா? தொண்டை மிட்டாய்தான் போகுது. செப்டம்பர்ல வாங்கினா. உன் பொண்டாட்டி வாங்கலையா? அதே வாரம், அதே வரிசை. அவ விலைக்கு என்னோட மல்லுக்கு நின்னுட்டுப் போனா, செத்துப்போன உன் அம்மாவையே எழுப்பிக் கொண்டுவந்த மாதிரி."

"இருபது அட்டை எதுக்கு? அந்த வீட்டுல அவ்வளவு தலைவலியா?"

நூரியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ கேப்டனா? நிஜமாவா? யாரைப் பிடிச்சு வாங்கினே அந்தப் பதவியை?"

அவர் அவளுடைய கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்தில், போன செப்டம்பரில் விற்காமல் போன, ஊறுகாய் ஜாடிக்குப் போடுகிற தகர மூடிகள் ஒரு கட்டு. எல்லாம் ஒரே அளவு. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு ஊறுகாய் வரிசைக்கு ஓடினார். அங்கே ஒரு கொரியப் பெண்ணிடம் ஒரு கோப்பை வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் வாங்கினார்.

"இதுல என்னென்ன போட்டிருக்கே?"

"உப்பு, பூண்டு, சதகுப்பை. எங்க வீட்டுப் பீப்பாய்ல தானாப் புளிச்சது."

"வேற?"

"என் கை" என்றாள் அவள்.

பிற்பகல் இரண்டு. நர்சுகளின் அறை. கதவை அடைத்ததும் எசென்பெக் எல்லாரையும் உட்காரச் சொன்னார். அஸ்கரோவ் உட்கார்ந்தார். காதிர்ஜான் உட்கார மறுத்தான். ரொபியா ஜாடியோடு ஒடுங்கி நின்றாள். மஸ்தூரா மணியைப் பார்த்தாள். "பதினஞ்சு நிமிஷத்துல நான் பையன் கண்ணைப் பார்க்கணும். சீக்கிரம்."

எசென்பெக் மேஜையில் இரண்டு குழாய்களை நிறுத்தினார். ஒன்றில் கொரியப் பெண்ணின் ஊறுகாய்த் தண்ணீர். மற்றதில், ரொபியாவின் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த ஈரம் வடிந்து சேர்ந்த சில சொட்டு.

"டாக்டர், சிறுநீர்ல விட்ட அதே கரைசலை இதுல விடுங்க."

முதல் குழாயில் நாலு சொட்டு. மஞ்சளாக இருந்தது, மஞ்சளாகவே நின்றது.

இரண்டாவதில் நாலு சொட்டு. கத்தரிக்காய் ஊதா.

அஸ்கரோவ் குழாயைக் கையில் எடுத்தார், மெல்லத் திரும்ப வைத்தார். "ஜாடி" என்றார். "கடவுளே. ஜாடி."

"காலையில அக்கா எனக்கு ஒரு தக்காளி கொடுத்தாங்க" என்றார் எசென்பெக். "ஜாடி நிறையத் தக்காளி. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நம்ம ஊர்ல யாராவது தக்காளியை விட்டுட்டுத் தண்ணியை மட்டும் காலி பண்ணிப் பார்த்திருக்கீங்களா? முதல்ல காய், ராத்திரி குடிச்சுட்டு மறுநாள் காலையில தலை கனத்தா தண்ணி. அதுதான் முறை. ஜாடியில கரண்டி வேற. கையால தக்காளி எடுக்கறவங்களுக்குக் கரண்டி எதுக்கு? ஒரு ஜாடித் தக்காளி அப்படியே இருக்க, சாயங்காலம் இன்னொரு ஜாடி எதுக்கு? இதெல்லாம் என் கண்ணு முன்னாலேயே இருந்தது. நான் தக்காளியைத் தின்னுட்டுப் போயிட்டேன்."

ரொபியாவின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார்.

"பையன் தண்ணி கேட்டான். இல்லையா அக்கா?"

"கேட்டான்" என்றாள் ரொபியா. கண்ணீர் அதன்பாட்டுக்கு ஓடியது. "இவ அந்தப் பக்கம் போறப்பல்லாம் ரெண்டு ரெண்டு கரண்டி. உப்புத் தண்ணி வாந்தியை நிறுத்தும்னு கொடுத்தேன். வீட்டுலகூட காய்ச்சல் அடிச்சப்ப அதைத்தான் கேட்டுக் கேட்டுக் குடிச்சான்."

"ஜாடிக்கு எத்தனை ஆஸ்பிரின் போடுவீங்க?"

"ஆறு. வினிகர் கிடைக்கல, மூடியெல்லாம் மட்டம். ரெண்டு மாத்திரை மட்டும் போட்டா ஜாடி புளிச்சு வெடிச்சுடுது. எல்லார் வீட்டுலயும் போடறதுதானே? அது... அது மருந்து இல்லையே தம்பி! ஜாடி கெடாம இருக்கறதுக்குப் போடறது!"

"அதேதான்" என்றார் எசென்பெக். "டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டாங்க, நான் கேட்டேன். மூணு பேரும் மருந்து கொடுத்தீங்களான்னுதான் கேட்டோம். நீங்க ரொட்டி மேல அடிச்சு உண்மையைச் சொன்னீங்க. மஸ்தூரா அக்கா உங்க பாவாடை ஓரம் வரைக்கும் மாத்திரையைத் தேடினாங்க. ஜாடியைத் தாண்டிப் போனாங்க, ஏன்னா அவங்க வீட்டு நிலவறையிலயும் அதே ஜாடி. எங்க வீட்டுலயும்தான். கொடுத்த கை ரொபியா அக்காவோடது, காதிர்ஜான் அண்ணே. கொடுத்தது விஷம்னு அந்தக் கைக்குத் தெரியாது."

காதிர்ஜானின் முகம் செங்கல்லானது. தங்கையை நோக்கி ஒரு எட்டு வைத்தான். கை உயர்ந்தது.

இடையில் மஸ்தூரா நின்றாள்.

"இறக்கு."

"என் பிள்ளையை..."

"காலையில என்மேல பாஞ்சு வந்தே. இப்போ இவ மேல. கையில வேற வேலையே இல்லையா? அஞ்சு நாளா இந்தப் பொம்பளை படுக்காம பையன் பக்கத்துல உக்காந்திருக்கா. நீ எத்தனை நாள் உக்காந்தே? இவளை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன். கழுத்தைத் திருப்பாம அவனைப் புரட்ட எனக்கு இன்னொரு ஜோடிக் கை வேணும். இந்தக் கை இனிமே தப்புப் பண்ணாது."

கை இறங்கியது. அஸ்கரோவ் தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து அந்த ஒரு வரிக் காகிதத்தை எடுத்தார்.

"நல்லதாப் போச்சு மஸ்தூரா. இதைக் கிழிச்சுடலாம். எல்லாருக்கும் களைப்பு. விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ளேயே இருக்கட்டும்."

"எந்த நாலு சுவரு?" என்றாள் மஸ்தூரா. "என்னைக் கொலைகாரின்னு இவன் கூப்பிட்டப்ப நாலு சுவருக்குள்ளேயா கூப்பிட்டான்? கட்டில் கட்டிலா கேட்டுச்சு. இப்போ ஒவ்வொரு தாயும் நான் ஸ்பூனைத் தூக்கினா பிள்ளையைப் பின்னால ஒளிக்கறா. நான் எப்படி வேலை பார்க்கறது?"

"என்ன செய்யச் சொல்றே? மன்னிப்புத்தானே? கேக்கறேன்" என்றான் காதிர்ஜான். "போய் நடுவுல நின்னு உரக்கச் சொல்லிடறேன்."

"உரக்கவா? அதுதான் வேண்டாம். உன் பிள்ளைக்கு ஆகாது." மஸ்தூரா கதவைத் திறந்தாள். "பன்னெண்டு கட்டில் இருக்கு. ஒவ்வொண்ணா போ. குனிஞ்சு, காதோட காதா சொல்லு. நர்ஸ் கொடுக்கல, எங்க வீட்டு ஜாடி கொடுத்துச்சுன்னு. ஜாடியில என்ன இருந்ததுன்னும் சொல்லு. அதையும் சொல்லலைன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

காதிர்ஜான் எசென்பெக்கைப் பார்த்தான். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்கிற பார்வை.

"நானா இருந்தா பூட்ஸைக் கழட்டிட்டுப் போவேன்" என்றார் கேப்டன்.

அஸ்கரோவ் இன்னும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மஸ்தூரா அதை வாங்கித் திருப்பி, வெறும் பக்கத்தை மேலே வைத்து அவர் முன் போட்டாள். "நடந்ததை எழுதுங்க டாக்டர். முழுசா. உங்க கையெழுத்தோட. நான் திரும்பி வர்றதுக்குள்ள."

அவள் ஏழாம் கட்டிலுக்குப் போனாள். ரொபியாவைத் தலைமாட்டில் நிறுத்தி, பையனின் கழுத்தைத் தாங்க இரண்டு உள்ளங்கைகளையும் எங்கே வைப்பது என்று காட்டினாள். சின்ன விளக்கைக் காட்டினாள். கண்மணி உடனே சுருங்கவில்லை. பிறகு, சோம்பேறிக் கதவு மாதிரி, கொஞ்சம் சுருங்கியது. ரொபியா விம்மினாள். "அழாதே, கை ஆடுது" என்றாள் மஸ்தூரா.

வார்டின் அந்தக் கோடியில் காதிர்ஜான் முதல் கட்டிலுக்கு முன் நின்றான். சாக்ஸில் ஒரு பெரிய ஓட்டை. வாழ்நாளில் கிசுகிசுத்தே பழகாத தொண்டை, வண்டி கிளம்பாத சத்தம்போல் இருமுறை கரகரத்தது. குனிந்தான். சொன்னான். இரண்டாவது கட்டில். மூன்றாவது.

நாலாவது கட்டிலில் சின்னம்மைக் காய்ச்சலும் கொப்புளங்களுமாக ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தாய் கடைசி வரை தலையைக் குனிந்தபடி கேட்டாள். காதிர்ஜான் நிமிர்ந்ததும், அவள் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, மூன்று லிட்டர் தக்காளி ஜாடி ஒன்றை வெளியே இழுத்து, அவன் கையில் கொடுத்தாள்.